இனிப்பு டிசம்பரும் ஊதா மெழுகுதிரியும்

கேள்வி: எங்கள் வீடு யாங்கூனில் இருக்கிறது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். நவம்பர் 30 நள்ளிரவிலேயே ‘ஸ்வீட் டிசம்பர்’ என்று பாட்டும் கேக்கும் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகள் இருவரும் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. திருவருகைக் காலத்தில் வீட்டில் என்ன செபம் சொல்வது, எதைத் தியானிப்பது?

பதில்:

சகோதரி, நாற்பது ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு, இது ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி. முதலில் ஸ்வீட் டிசம்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின், கரீன், கச்சின் கிறிஸ்தவ இளைஞர்கள் டிசம்பர் பிறக்கும் நள்ளிரவில் ஒருவரையொருவர் வாழ்த்திப் பாடும் அந்த வழக்கம் இப்போது இந்நாட்டுக் கிறிஸ்தவர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதைத் தடுக்க முயலாதீர்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுத்துப் பக்தியை வளர்த்த வீடு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் டிசம்பர் முதல் தேதியே கிறிஸ்மஸ் வந்து உட்கார்ந்துவிட்டால், 25-ஆம் தேதி வருவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. திருவருகைக் காலத்தின் செபங்கள் எல்லாம், வந்துவிட்டவரைக் கொண்டாடுவதற்காக அல்ல, இன்னும் வராதவரை அழைப்பதற்காக எழுந்தவை. நீங்கள் வீட்டில் சொல்லும் செபம் எதுவாயினும் இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றினால் போதும்.

பழைய செபப் புத்தகங்களில் ஆகமன காலம் என்றும், இப்போது திருவருகைக் காலம் என்றும் நாம் சொல்லும் இந்தக் காலம், நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள ஏதேனும் ஒரு ஞாயிறன்று, அதாவது அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. எனவே அது 22 நாள்களும் நீளலாம், 28 நாள்களும் நீளலாம். இதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை திருப்பலி வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானையும் பற்றிப் பேசுகின்றன. 17 முதல்தான் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. முதல் ஞாயிறன்று குழந்தை இயேசுவைப் பற்றிய நற்செய்தியை எதிர்பார்த்துக் கோயிலுக்கு வருகிறவர்கள், ‘விழிப்பாயிருங்கள், அந்த நாள் உங்களுக்குத் தெரியாது’ என்ற வாசகத்தைக் கேட்டுத் திகைப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தத் திகைப்பு நல்லது என்றே நினைக்கிறேன்.

இந்தக் காலத்தின் செபத்தை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால், ‘வாரும்’ என்பேன். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை முடிக்கும்போது கிரேக்கத்துக்கு நடுவே, ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பொருள்படும் மாரனாத்தா என்ற அரமேயச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவைத்தார். திருவெளிப்பாட்டின் கடைசிப் பக்கத்திலும் ‘ஆண்டவராகிய இயேசுவே, வாரும்’ என்ற அழைப்புதான் ஒலிக்கிறது. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் அவர்கள் அறிந்தது ‘வா’, ‘வாங்க’ என்ற இரண்டு வடிவங்கள்தாம். ‘வாரும்’ என்பது செபப் புத்தகத்துக்குள் மட்டும் வாழ்கிற சொல்லாக அவர்களுக்குத் தோன்றுகிறது. ஒருமுறை வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, ‘வாரும் என்றால் தலையை வாருவதா?’ என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், பிறகு அவளுக்குத் தெரிந்த பர்மிய மொழி வழியாகவே விளக்கினேன். பிக்குகள் வீதியில் வரும்போது அக்கம்பக்கத்தார் ‘வாங்க’ என்ற பொருளில் சாதாரணமாக ‘லாபா’ என்று அழைக்காமல், ‘ச்வா லாபா’ என்று தனி மரியாதையோடு அழைப்பதை அவள் அன்றாடம் கேட்கிறாள். அதற்கு நிகராகத் தமிழில் ‘எழுந்தருளும்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே உங்கள் வீட்டுச் செபத்தில் ‘எழுந்தருளி வாரும்’ என்று சொல்லலாம்; சின்னவன் ‘இயேசுவே வாங்க’ என்று சொன்னால் திருத்த வேண்டாம். வாசலில் விருந்தாளியைப் பார்த்து நாம் இரண்டு முறை சொல்லும் அந்த ‘வாங்க, வாங்க’வைவிட மனதார வரும் அழைப்பு வேறு எது?

பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது என்று வருந்துகிறீர்கள். டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்கார வைத்து விசுவாச அறிக்கை, பரலோக மந்திரம், அருள்நிறைந்த மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது, கேட்டவர்களில் பெரும்பாலோருக்கும் தெரியாது. செபம் காது வழியாகவே இறங்கியது. உங்கள் வீட்டிலும் அது நடக்கும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு செபம், இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் போகாமல், ஒவ்வோர் இரவும் அதே சொற்களில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் உங்களை முந்திக்கொண்டு சொல்வார்கள். நம் மொழி இந்நாட்டில் செபத்துக்கு ஆகாத மொழியும் அல்ல: 2017 நவம்பர் 29 அன்று கியாய்க்கசான் மைதானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலியில், பொது மன்றாட்டுகளுள் ஒன்று தமிழில் ஒலித்தது. அந்த ஆண்டின் திருவருகைக் காலம் அதற்கு நான்கு நாள் கழித்துத் தொடங்கியது.

அடுத்து, திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் ஒவ்வொரு திரியாக ஏற்றும் மெழுகுதிரி வளையம். இது ஏதோ பழங்கால மடங்களில் தோன்றியது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1839-இல் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர், ‘கிறிஸ்மஸ் இன்னும் எத்தனை நாள்?’ என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக, ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் வாரநாள்களுக்குச் சிறிய திரிகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய திரிகளும் வைத்ததே இதன் தொடக்கம். பச்சை இலையும் ஊதா நிறமும் பின்னால் வந்தவை. லுத்தரன் போதகரிடமிருந்து கத்தோலிக்கர் கடன் வாங்கிய வழக்கம் என்பதால், உங்களைப் போன்ற இருசபைக் குடும்பத்துக்கு இது மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஹம்பர்க்கில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் ஏழரை மணி நேரந்தான். யாங்கூனில் அதே நாளில் 11 மணி நேரத்துக்குக் குறையாத வெயில் இருக்கிறது. ஆகவே இருள், பனிக்காலம், ஒளி என்று ஐரோப்பியர் எழுதிய சிந்தனைகளை அப்படியே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் அவை ஒட்டாது. இங்கே இருள் வேறு வழியில் வருகிறது. மின்சாரம் போய், பல மணி நேரம் கழித்து அது திரும்பும் நொடியில் தெரு முழுவதும் பிள்ளைகள் ‘மீ லாபி!’ என்று கத்துகிறார்களே, அந்தக் கூச்சலைக் கேட்டிருப்பீர்கள். விளக்கு வந்துவிட்டது என்பது அதன் பொருள். ‘காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்’ என்ற எசாயாவின் வாக்கை எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் விளக்குவதே இல்லை. ‘மீ லாபி’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. வளையத்து மெழுகுதிரியைக் கரண்ட் போனபோது ஏற்றாதீர்கள். கரண்ட் இருக்கும்போதே டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு கரண்ட் போன மெழுகுதிரிதான்.

இலைக்கு ஊசியிலை மரத்தைத் தேடி அலைய வேண்டாம். எந்தச் சந்தையிலும் கட்டுக் கட்டாக விற்கும் தபியே இலை, தண்ணீரில் வைத்தால் பல நாள் வாடாமல் நிற்கும். அது புத்தர் சந்நிதியில் வைக்கும் இலையாயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வெற்றிக்கும் நல்வரவுக்கும் இந்நாட்டார் வைக்கும் இலை அது. வரப்போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான இலை எனக்குத் தெரியவில்லை. பித்தளைத் தாம்பாளம் ஒன்றும், மூன்று ஊதா, ஒரு ரோசா நிறத் திரிகளும் போதும். ரோசா நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ரோசா நிறக் காகிதத்தைச் சுற்றுங்கள்.

முதல் வாரத்துக்கு எங்கள் வகுப்பில் சொல்லும் செபம் இது: ‘ஆண்டவரே, நீர் வரும் நாளும் நேரமும் எங்களுக்குத் தெரியாது. இரவில் நாங்கள் கதவைத் தாழிடும்போது, உம்மை வெளியே நிறுத்திவிடாதபடி எங்களை விழிப்பாய் வைத்தருளும். தூரதேசத்தில் வேலை செய்கிற எங்கள் வீட்டாரையும், இன்றிரவு தங்க இடமில்லாதவர்களையும் காத்தருளும். எழுந்தருளி வாரும், ஆண்டவராகிய இயேசுவே.’ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ தகப்பனோ அண்ணனோ இல்லாத வீடு நம்மில் குறைவு. காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும் என்று ஆறு நாள் இருப்பவர்கள் அவர்கள்.

இரண்டாம் வாரத்தை விரைவாகக் கடக்கிறேன். பாலைநிலத்தில் யோவானின் குரல், பாதையைச் செம்மையாக்குங்கள் என்ற அழைப்பு, அதையொட்டி ஒப்புரவு அருட்சாதனம். இவை எல்லோரும் அறிந்தவை. நான் அதிகம் தங்க விரும்புவது மூன்றாம் வாரத்தில். மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் பெற்ற அன்று, மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில், நாம் கேட்பது சிறையிலிருக்கும் யோவானின் கேள்வி: ‘வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?’ ஆற்றங்கரையில் விரல் நீட்டி அடையாளம் காட்டியவர், இப்போது சுவருக்குள் இருந்துகொண்டு சந்தேகப்படுகிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது என்று செய்தி அனுப்புகிறார். சிறைபட்டோர் விடுதலை பெறுகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. யோவானும் விடுதலை ஆகவில்லை.

இதை ஏன் மகிழ்ச்சி ஞாயிறன்று வைத்தார்கள் என்று பல ஆண்டுகள் எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக இந்நாட்டில், எங்கே இருக்கிறான் என்று தெரியாத மகனுக்காகச் செபிக்கும் தாய்மார் என் பக்கத்து பெஞ்சில் முழந்தாளிடுகிறார்கள். அவர்களிடம் ‘விசுவாசத்தோடு காத்திருங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. யோவானின் கேள்வியையே செபமாகச் சொல்லுங்கள் என்கிறேன்: ‘வரவிருப்பவர் நீர்தாமா, ஆண்டவரே? எங்களுக்கு ஓர் அடையாளம் சொல்லி அனுப்பும்.’ அந்த ஒரு வரியே அந்த வாரத்துக்குப் போதும். பிள்ளைகளிடம் ஒவ்வோர் இரவும் ‘இன்று யார் யாருக்கு நல்லது நடந்ததைப் பார்த்தாய்?’ என்று கேளுங்கள். இயேசு யோவானுக்கு அனுப்பிய பதிலின் வடிவமும் அதுதான்.

இந்தக் காலத்துக்கே உரிய ஒரு பழைய இலத்தீன் பாடல் எசாயாவின் 45-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது: வானங்களே, மேலிருந்து பனியைப் பொழியுங்கள், மேகங்கள் நீதிமானை மழையாகப் பெய்யட்டும். பனி மழைபோல் பெய்வதா என்று மற்ற மொழிக்காரர் யோசிக்க வேண்டியிருக்கும். தமிழில் நாம் இயல்பாகவே பனி பெய்கிறது என்றுதான் சொல்கிறோம். பகோ பக்கத்து வயல்களில் டிசம்பர் விடியலில் நின்றவர்களுக்கு இது தெரியும். அக்டோபரோடு மழை போய்விடுகிறது, அடுத்த மழைக்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். இடையில் அறுத்த தாள்களின் மேல் சத்தமில்லாமல் இறங்கும் ஈரம் அது ஒன்றுதான். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன் வாசலில் நின்று, ‘பனி பெய்வதுபோல் சத்தமில்லாமல் எங்கள் வீட்டுக்குள் வாரும்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். இதற்கு மெழுகுதிரியும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்.

டிசம்பர் 17 முதல் 23 வரையுள்ள ஏழு மாலைகளுக்குத் திருச்சபை ஏழு அழைப்புகளை வைத்திருக்கிறது. மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் பாடப்படும் இவை ஒவ்வொன்றும் ‘ஓ’ என்ற விளியோடு தொடங்கி, ‘வாரும்’ என்று மன்றாடுகின்றன. ஞானமே, இஸ்ரயேல் வீட்டின் தலைவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்பது வரிசை. இலத்தீன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கோத்தால் ‘ஏரோ க்ராஸ்’, அதாவது ‘நாளைக்கு இருப்பேன்’ என்று வரும். ஆறு நாள் கேட்டவருக்கு ஏழாம் நாள் வார்த்தை முழுமையாகும்போது பதிலும் கிடைத்துவிடுகிறது. மார்கழி பிறப்பதும் டிசம்பர் 16, 17-ஐ ஒட்டித்தான். விடியலில் ஒருவரையொருவர் எழுப்பிப் பாடுகிற மாதம் என்று நம் முன்னோர் எந்த மாதத்தைக் கொண்டார்களோ, அதே நாள்களில் திருச்சபையும் ‘எழுந்திரு, வாரும்’ என்று பாடுகிறது. பக்கத்துத் தெருக் கோயிலின் ஒலிபெருக்கியில் விடியற்காலைப் பாட்டு வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாமல் நீங்களும் எழுந்து உங்கள் அழைப்பைச் சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் கணவருக்கும் இதில் அந்நியம் எதுவும் இல்லை. மெத்தடிஸ்ட் மரபின் சார்லஸ் வெஸ்லி 1744-இல் வெளியிட்ட வருகைப் பாடலும் நெடுநாள் எதிர்பார்க்கப்பட்ட இயேசுவை ‘வாரும்’ என்றுதான் அழைக்கிறது. அவர் ‘ஜெபம்’ என்பார், நீங்கள் ‘செபம்’ என்பீர்கள். அந்த ஓர் எழுத்துச் சண்டையை ஜனவரிக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஏழாம் அழைப்புக்குரிய டிசம்பர் 23-ஐப் பற்றி ரங்கூன்காரன் ஒருவன் சொல்லாமல் இருக்க முடியாது. 1941-இல் ஜப்பானியர் இந்த நகரத்தின் மேல் முதன்முதல் குண்டு போட்டது அன்றுதான். மறுபடி வந்தது கிறிஸ்மஸ் அன்று. என் தாயாருக்கு அப்போது பதினொரு வயது. பலகாரத்துக்கு இடித்த அரிசி மாவைச் சலித்துக்கொண்டிருந்த நேரத்தில் விமானச் சத்தம் கேட்டதாம். பாட்டி சலித்த மாவை ஒரு வேட்டியில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் கூலிவேலை செய்த தாத்தா மாலை வரை வரவில்லை, வந்தபோது அவர் காது கேட்கவில்லை. புரோம் சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். கிறிஸ்மஸ் அன்று அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தார்களாம், வெல்லம் இல்லாமல். அன்றும் பாட்டி மரத்தடியில் மூவேளைச் செபம் சொல்ல வைத்தார் என்பதை மட்டும் அம்மா ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். கூட்டத்தில் யாருக்கெல்லாம் அந்தச் செபம் தெரியுமோ அவர்களெல்லாம் பதில் சொன்னார்களாம். ‘கடவுள் நம்மோடு’ என்று பொருள்படும் பெயரை அன்றைய மாலையில் நான் சொல்லும்போது அந்த மாவு மூட்டை நினைவுக்கு வராமல் போனதில்லை. எங்கள் வீட்டில் அன்று சொல்லும் செபம்: ‘இம்மானுவேலே, நடந்தவர்களோடு நடந்தவரே, வீட்டை விட்டு ஓடுகிறவர்களோடு இன்றும் இரும். அவர்கள் தலையில் சுமக்கும் மூட்டையில் உமக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். எங்களை மீட்க வாரும்.’

24-ஆம் தேதி காலையில் செக்கரியாவின் பாடலைப் பெரியவர் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கட்டும். விண்ணிலிருந்து விடியல் நம்மைத் தேடி வரும் என்ற வரியில் நிறுத்திவிடலாம். நேரமிருந்தால் யோசேப்பைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுங்கள். நற்செய்திகள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அவரைப் பற்றி வீரமாமுனிவர் 1726-இல் 3615 பாடல்களில் தமிழில் தேம்பாவணி பாடிவைத்தார். பேசாதவரைப் பற்றிப் பேசுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்று பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அன்று மாலை ஊதாத் திரிகளை எடுத்துவிட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திரியை வையுங்கள். நவம்பர் கடைசியில் வாங்கிய தபியே இலை எப்படியும் வாடியிருக்கும். புதுக் கட்டை 24 காலையிலேயே வாங்கிவிடுங்கள், மாலையில் சந்தையில் மிஞ்சுவது காம்பொடிந்த கட்டுகள்தான்.